புது நாட்டுக்கு வரும் உதவியை ஒருங்கிணைக்கப் போகிறவருக்கு

ஒரு நாடு புதிதாகச் சுதந்திரம் அடைந்ததும் நாலாபக்கமிருந்தும் உதவி வரும். கோதுமை வரும், மருந்து வரும், கடன் வரும், ஆலோசகர்கள் வருவார்கள். இதையெல்லாம் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர, உதவி கொடுக்கும் நாடு ஒரு தூதரை நியமிக்கும். அந்தப் பொறுப்புக்கோ அந்தத் தூதரின் அலுவலகத்துக்கோ நீங்கள் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபிறகு, காகசஸிலும் மத்திய ஆசியாவிலும் ஒரு சர்வதேச அமைப்புக்காக இந்த வேலையைப் பல வருடம் பார்த்தேன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. புது நாட்டில் பணம் குறைவு என்று நினைத்துப் போவீர்கள். பணம் குறைவுதான். அதைவிடக் குறைவு, வெளிநாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, ஒப்பந்தத்தைப் படித்து, கணக்குப் பார்த்துக் கையெழுத்திடக்கூடிய அதிகாரிகள். அந்நிய வர்த்தகம், நாணயம், வெளிநாட்டுக் கடன் எல்லாம் அதுவரை மாஸ்கோவில் முடிவானவை. ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலும் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கிலும் அந்த வேலையைப் பழகியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்தக் கொஞ்சப் பேரைத்தான் எல்லா நாட்டுத் தூதுக்குழுவும் பார்க்க வரும். அவர்களுடைய நேரத்தைக் காப்பாற்றுவது உங்கள் முதல் வேலை. ஒரு உதவி அவர்கள் நேரத்தை எவ்வளவு தின்னும் என்று கேட்காமல் எதையும் வரவேற்காதீர்கள்.

பணம் யார் கையில் என்று எழுதிவையுங்கள்

ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டம் கிடைத்ததும் அதிகாரமும் கூடவே வந்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் அனுபவத்தைப் பாருங்கள். 1992 ஜனவரி 22, 23 தேதிகளில் வாஷிங்டனில் 47 நாடுகளைக் கூட்டி, முன்னாள் சோவியத் நாடுகளுக்கான உதவி மாநாடு ஒன்றை நடத்தினார்கள். உணவு, மருந்து, எரிபொருள், தங்குமிடம், தொழில்நுட்ப உதவி என்று ஐந்து பணிக்குழுக்கள் அமைத்தார்கள். அந்த வருடம் அமெரிக்காவின் பக்கத்தில் ஒருங்கிணைப்பைக் கையில் எடுத்தவர் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ், தூதர் அந்தஸ்தோடு. அக்டோபர் 24 அன்று கையெழுத்தான சுதந்திர ஆதரவுச் சட்டம், வெளியுறவுத்துறைக்குள் இப்படி ஒரு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. ஆர்மிட்டேஜுக்குப் பின் தாமஸ் சைமன்ஸ், ரிச்சர்ட் மார்னிங்ஸ்டார், வில்லியம் டெய்லர் என்று அந்த நாற்காலி தொடர்ந்தது.

ஆனால் பணம் ஒரே பையில் இல்லை. அணு ஆயுதங்களைப் பாதுகாக்கவும் அழிக்கவும் 1991இல் நன், லூகர் என்ற இரண்டு செனட்டர்கள் கொண்டுவந்த சட்டத்தின்படி ஒதுங்கிய 40 கோடி டாலர் பாதுகாப்புத்துறையின் கையில் இருந்தது. தானியமும் தானியக் கடனும் விவசாயத்துறையிடம். தொழில்நுட்ப உதவி, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டிடம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கணக்கு, நாடாளுமன்றத்தில் தனிக் குழு. ஒருங்கிணைப்பாளருக்கு இவர்கள் எல்லோர் மேலும் போதிய பிடி இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 1995இல் அறிக்கை எழுதியது.

அதனால் முதல் வாரம் ஒரு தாள் எடுங்கள். எந்தப் பை, யார் கையில், எந்தச் சட்டத்தின் கீழ், நிதியாண்டு எப்போது தொடங்குகிறது என்று எழுதுங்கள். கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னது இல்லை. அமெரிக்காவுக்கு நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. ஜப்பானுக்கு ஏப்ரல் 1. ஐரோப்பிய ஆணையத்துக்கு ஜனவரி 1. வருடம் முடிவதற்குள் பணத்தை ஒப்பந்தத்தில் கட்டியாக வேண்டும் என்று ஒவ்வொருவரும் அவரவர் கடைசி மாதங்களில் ஓடிவருவார்கள். அந்த அவசரத்தில் கையெழுத்தாகும் திட்டங்கள்தான் பிறகு தலைவலி கொடுக்கின்றன. யார் எப்போது ஓடிவருவார்கள் என்று தெரிந்தால், முன்கூட்டியே நல்ல திட்டத்தைத் தயாராக வைத்திருக்கலாம்.

பொறுப்பை ஏற்கும்முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அரசின் எந்தத் துறையின் உதவித் திட்டமும் பட்ஜெட்டுக்குப் போகுமுன் உங்கள் மேசைக்கு வர வேண்டும். அமைச்சரை நேரே பார்க்க உங்களுக்கு வழி இருக்க வேண்டும். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார வேண்டும். மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த ஆள்தான் அவருடைய துறையில் என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கு உள்ளபடி சொல்வார்.

குளிர்காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

1992 பிப்ரவரி 10 அன்று ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்து விமானத் தளத்திலிருந்து அமெரிக்க ராணுவ விமானங்கள் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு முன்னாள் சோவியத் நகரங்களுக்குக் கிளம்பின. வளைகுடாப் போரில் மிஞ்சிய உணவுப் பொட்டலங்களும் அதில் இருந்தன. உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. நல்ல காரியம், அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது. ஆனால் ஒரு நாட்டை விமானத்தால் குளிர்காலம் தாண்டவைக்க முடியாது. கப்பலும் ரயிலும்தான் தாண்டவைக்கும்.

ஆர்மீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 டிசம்பரில் ஸ்பிடாக் பூகம்பம். அந்தப் பயத்தில் 1989இல் மெட்ஸமோர் அணுமின் நிலையத்தை மூடினார்கள். அடுத்து, கராபக் பகுதிக்காக அஜர்பைஜானோடு போர். அஜர்பைஜான் ரயில் பாதையை அடைத்தது, 1993இல் துருக்கியும் எல்லையை மூடியது. மிஞ்சியது ஜார்ஜியா வழி. கருங்கடல் துறைமுகங்களான போத்தியிலும் பத்தூமியிலும் இறக்கி, ரயிலில் ஏற்றி, உள்நாட்டுச் சண்டை நடக்கும் ஜார்ஜியாவைக் கடந்து யெரெவானுக்குக் கொண்டுவர வேண்டும். அதே வழியில் வந்த எரிவாயுக் குழாயைத் திரும்பத் திரும்ப வெடிவைத்து உடைத்தார்கள். அந்தக் குளிர்காலங்களில் யெரெவானில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் மின்சாரம். பூங்காவிலிருந்த மரங்களை வெட்டி எரித்தார்கள். பள்ளிக்கூட வகுப்பில் குழந்தைகள் கோட்டும் கையுறையும் போட்டபடியே எழுதினார்கள். மெட்ஸமோரின் ஒரு உலை 1995இல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

இப்படிப்பட்ட இடத்தில் எப்படித் திட்டமிடுவது? கடைசியிலிருந்து தொடங்குங்கள். டிசம்பரில் மண்ணெண்ணெய் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், நவம்பர் தொடக்கத்துக்குள் நகரக் கிடங்கில் இருக்க வேண்டும். அப்படியானால் செப்டம்பரில் கப்பல் துறைமுகத்தில் நிற்க வேண்டும், ஜூன், ஜூலையில் கொள்முதல் ஒப்பந்தம் முடிய வேண்டும், மார்ச்சில் பணத்துக்கு அனுமதி கிடைத்திருக்க வேண்டும். அதாவது, இந்தக் குளிர் முடிவதற்கு முன்பே அடுத்த குளிருக்குக் கேட்க வேண்டும். உதவும் நாடுகளின் தலைநகரங்களில் இருப்பவர்களுக்கு இது புரியாது. வசந்தம் வந்ததும் செய்தித்தாளில் ஆர்மீனியா காணாமல் போய்விடும், அக்டோபரில் மறுபடி தோன்றும். பிப்ரவரியிலேயே கதவைத் தட்டுவது உங்கள் கடமை.

கணக்கை டன்னில் போடாமல் வேகனில் போட்டுப் பழகுங்கள். ஒரு கப்பலில் 20,000 டன் கோதுமை என்றால், வேகனுக்கு 60 டன் வைத்தால்கூட 330 வேகனுக்கு மேல் வேண்டும். அவ்வளவு வேகன் துறைமுகத்தில் இருக்கிறதா? காலி வேகன் திரும்பி வருகிறதா, வழியிலேயே நின்றுவிடுகிறதா? எஞ்சினுக்கு மின்சாரம் இருக்கிறதா? ஐரோப்பாவிலிருந்து ரயிலில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், ஐரோப்பியத் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம், சோவியத் தண்டவாளம் 1,520 என்று நினைவூட்டுங்கள். போலந்து, பெலாரஸ் எல்லையிலுள்ள பிரெஸ்ட் மாதிரியான நிலையத்தில் சக்கரத் தொகுதியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கும் நாள் ஆகும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் யார் தெரியுமா? பழைய சோவியத் திட்டக் குழுவிலும் ரயில்வேயிலும் இருந்த, ஓய்வுக்கு நெருங்கிய அதிகாரிகள். எந்தக் கிடங்கின் கூரை ஒழுகும், எந்த மில்லில் ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு அரைபடும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பழைய அமைப்பின் ஆட்கள் என்று வெளிநாட்டு ஆலோசகர்கள் அவர்களை ஒதுக்குவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. நீங்கள் தேடிப்போய் அவர்களோடு டீ குடியுங்கள்.

மருந்து விஷயத்தில் கறாராக இருங்கள்

ஸ்பிடாக் பூகம்பத்துக்குப் பிறகு ஆர்மீனியாவுக்கு ஏறத்தாழ 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் வந்து குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. நூற்றுக்கு 8 பங்கு, வந்து சேரும்போதே காலாவதி. 4 பங்கு உறைபனியில் கெட்டது. மீதியில் 30 சதவீதத்தைத்தான் சுலபமாக அடையாளம் காண முடிந்தது, ஏனென்றால் பெரும்பாலானவற்றில் கம்பெனிப் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த 50 பேர் மருந்து தெரிந்தவர்கள். பூகம்பத்தில் அடிபட்டவர்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

1996இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வந்து சேரும் நாளில் குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். மருந்தின் பொதுப்பெயர், அந்த நாட்டு மருத்துவருக்குப் புரியும் மொழியில் அட்டையில் இருக்க வேண்டும். பெறுகிறவர் கேட்டதைத்தான் அனுப்ப வேண்டும். இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது “எங்களிடம் ஒரு கொள்கலன் மருந்து இருக்கிறது, அனுப்பட்டுமா” என்று கேட்டால் அந்தத் தாளை முதலில் அனுப்புங்கள். நல்ல மனதோடு கொடுக்க வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். சுகாதார அமைச்சரால் அதைச் சொல்ல முடியாது, அவர் நாளைக்கு வேறு உதவிக்கு அதே நாட்டிடம் போக வேண்டும். அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரே பட்டியல்

1992 ஏப்ரல் 1 அன்று ரஷ்யாவுக்கு 2,400 கோடி டாலர் உதவி என்று அறிவித்தார்கள். அதில் 600 கோடி ரூபிளை நிலைப்படுத்தும் நிதி. அந்த நிதி பயன்படுத்தப்படவே இல்லை. மீதியிலும் பெரும்பகுதி கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டியது. ஆனால் சாதாரண ரஷ்யருக்குக் காதில் விழுந்தது 2,400 கோடி என்ற எண் மட்டும். பணம் எங்கே போனது என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அதனால் உங்கள் பட்டியலில் நான்கு எண்களுக்குத் தனித்தனிக் கட்டம் போடுங்கள்: வாக்களித்தது, ஒப்பந்தமானது, கொடுத்தது, கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடனா, மானியமா என்று இன்னொரு கட்டம். யாருடைய கம்பெனியிடம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று இன்னொன்று. எல்லாம் டாலரில் இருக்கட்டும். 1993 மே மாதம் கிர்கிஸ்தான் ரூபிளை விட்டு சோம் என்ற சொந்த நாணயத்துக்கு மாறியது, நவம்பரில் கஜகஸ்தான் டெங்கேக்கு மாறியது. ரூபிளில் கணக்கு வைத்திருந்தால் ஒரு வருடத்தில் அந்தத் தாள் எதற்கும் உதவாது.

பட்டியலை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புங்கள், கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். ஒரு தூதரகம் தன்னுடைய எண்ணைத் தராவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்புங்கள். அடுத்த மாதம் தானாக வரும். உங்களிடம் உத்தரவு போடும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் எல்லோருக்கும் தேவையான ஒரு தாள் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால் எல்லோரும் உங்களிடம் வந்தே ஆக வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. உதவும் நாடுகளை உலக வங்கி ஒரே மேசையில் உட்காரவைக்கும் முறை, 1958இல் இந்தியாவுக்காகத்தான் தொடங்கியது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலை வந்தபோது அமைத்த குழு அது.

கூட்டம்

கூட்டத்தின் தலைமை நாற்காலியில் அந்த நாட்டு அதிகாரி உட்கார வேண்டும். நீங்கள் பக்கத்தில். தொடக்கத்தில் அவர் தயங்குவார், கொடுப்பவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைப்பார். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அவரோடு உட்கார்ந்து, கேட்க வேண்டிய கேள்விகளை அவர் மொழியிலேயே எழுதிக்கொடுங்கள்.

பிஷ்கெக்கில் ஒரு துணை அமைச்சர் இருந்தார். காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு குழுவுக்கும் அதே மக்கள்தொகை, அதே பட்ஜெட், அதே விவசாயக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அவருடைய சொந்த வேலை இரவு எட்டு மணிக்கு மேல்தான் தொடங்கும். அவருக்காக அடிப்படைத் தகவல் எல்லாவற்றையும் ஒரு சின்ன கையேடாக ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் போட்டு, அதைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் நேரம் என்று எழுதி அனுப்பினோம். அப்புறம், பட்ஜெட் தயாரிக்கும் வாரங்களில் எந்த வெளிநாட்டுக் குழுவும் வரக்கூடாது என்று எல்லாத் தூதரகத்தோடும் பேசி முடித்தோம். நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பைசா செலவில்லை.

சம்பளத்தையும் பேசித் தீருங்கள். வெளிநாட்டு அலுவலகங்கள் மொழிபெயர்ப்பாளருக்கும் ஓட்டுநருக்கும் டாலரில் கொடுக்கும் சம்பளம், அமைச்சகத்தில் ஒரு இயக்குநர் வாங்குவதைவிடப் பல மடங்கு இருக்கும். இயற்பியல் ஆசிரியர் வண்டி ஓட்டப் போவார், நிதி அமைச்சகத்தின் கெட்டிக்காரப் பெண் தூதரகத்தில் காரியதரிசியாகச் சேருவாள். உதவ வந்தவர்களே அந்தக் கொஞ்சப் பேரைப் பிடுங்கிக்கொண்டு போவது போல. எல்லா அலுவலகமும் ஒரே சம்பள அளவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், அமைச்சகத்தில் வேலையில் இருப்பவரை இரண்டு வருடம் எடுக்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். முழுக்க நிற்காது, பாதி நின்றாலே பெரிய விஷயம்.

சொந்த நாட்டின் தடை

உங்கள் நாடாளுமன்றமே சில கதவுகளை அடைக்கும். 1992ஆம் ஆண்டின் அதே அமெரிக்கச் சட்டத்தில் 907ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு: ஆர்மீனியாவை முற்றுகையிடுவதை நிறுத்தும்வரை அஜர்பைஜான் அரசுக்கு உதவி கிடையாது. கராபக் போரில் வீடிழந்த பல லட்சம் பேர் அஜர்பைஜானில் ரயில் பெட்டிகளிலும் கூடாரங்களிலும் கிடந்தார்கள். அரசு மருத்துவமனை வழியாக அவர்களுக்கு ஊசி மருந்து கொடுப்பதுகூடச் சட்டச் சிக்கலானது. 2001 கடைசியில்தான் அந்தத் தடையை வருடாவருடம் தளர்த்தும் அதிகாரம் அமெரிக்க அதிபருக்குக் கிடைத்தது.

இப்படி ஒரு தடை வந்தால், சட்டத்தோடு மோதி நேரத்தை வீணாக்காதீர்கள். சட்டம் எதை அனுமதிக்கிறது என்று வழக்கறிஞரோடு வரிவரியாகப் படியுங்கள், தொண்டு நிறுவனம் வழியாகப் போக முடியுமா என்று பாருங்கள். முடியாத இடத்தை எந்த நாடு நிரப்பும் என்று உங்கள் பட்டியலில் தேடி, அவர்களை நேரே கேளுங்கள். மறுபக்கம், தடையால் என்ன நடக்கிறது என்று மாதாமாதம் உங்கள் தலைநகருக்கு எழுதிக்கொண்டே இருங்கள்.

யாருமே கொடுக்க விரும்பாத செலவு

புதுக் கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், பயிற்சிக்குக் கொடுப்பார்கள். பென்ஷனுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் பென்ஷன் வராத கிழவிக்கு நாட்டின் சுதந்திரம் என்பது அந்த வராத பென்ஷன்தான். இதற்கு ஒரு வழி உண்டு. இலவசமாக வரும் கோதுமையில் ஒரு பகுதியைச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் நாணயத்தில் தனிக் கணக்கில் போட்டு, பென்ஷனுக்கும் மருத்துவமனைக்கும் எடுத்துக்கொள்வது. தொடங்கும்முன் இரண்டு விஷயம் பாருங்கள். அறுவடை நேரத்தில் விற்றால் உள்ளூர் விவசாயிக்கு விலை விழும், அதனால் மாதத்தைப் பார்த்து விற்க வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து யார் கையெழுத்தில் பணம் எடுக்கலாம் என்று முதல் நாளே எழுத வேண்டும். பிஎல்-480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் வருடக்கணக்கில் குவிந்து, 1974இல் பெரும்பகுதியை இந்தியாவுக்கே விட்டுக்கொடுக்கும்வரை அது ஒரு அரசியல் பிரச்சினையாகவே இருந்தது.

அணு ஆயுத விவகாரம் தனி உலகம். 1994இல் கஜகஸ்தானின் உஸ்த்-கமெனகோர்ஸ்கிலிருந்து சுமார் 600 கிலோ செறிவூட்டிய யுரேனியத்தை ரகசியமாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது மாதிரியான வேலைகளை அதற்கான நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, அது எந்த மாதம் அமைச்சர்களின் நேரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும்.

கிளம்பும்போது

எஸ்தோனியாவில் யுஎஸ்எய்டு தன் திட்டத்தை 1996இலேயே முடித்துக்கொண்டது. எல்லா நாடும் அந்த நிலைக்கு அவ்வளவு சீக்கிரம் வராது, ஆனால் நீங்கள் கிளம்பும் தேதியை வந்த முதல் வருடமே உள்ளூர் அலுவலகத்தோடு பேசிவிடுங்கள். கடைசி ஆறு மாதம் பட்டியலை அவர்களே தயாரிக்கட்டும், தவறு இருந்தாலும் அவர்கள் பெயரிலேயே வெளியே போகட்டும். ஒப்பந்தங்களின் மூலப்பிரதி எல்லாம் அவர்கள் அலமாரியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், பலவற்றின் ஒரே பிரதி ஏதோ ஒரு தூதரகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். திட்டங்களுக்காக வந்த வண்டி, ஜெனரேட்டர், கணினி எல்லாம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, சுங்கவரி விலக்குக் கடிதத்தோடு அமைச்சகத்தின் பெயருக்கு மாற்றுங்கள். அதைச் செய்யாமல் கிளம்பினால் அந்த வண்டிகள் எல்லாம் அமைச்சகத்தின் முற்றத்தில் வருடக்கணக்கில் நிற்கும், வரி கட்டாமல் ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது.